220வது நாள்

எங்க டைம் ஆபீஸ், அதாவது கம்பெனி ஆளுங்களோட வருகைக் கணக்கு பாக்குற எடம், அங்க கம்ப்யூட்டர்ல ஒரு எக்செல் ஃபைல் இருந்துச்சு. டோக்கன் நம்பர், பேரு, எந்த கான்ட்ராக்டர் ஆளு, கடைசியா ஒரு கட்டத்துல இதுவரைக்கும் எத்தன நாள் டியூட்டி பாத்திருக்கான்ங்குற எண்ணிக்கை. அந்தக் கடைசிக் கட்டம் 200 வரைக்கும் வெள்ளையா இருக்கும், 200 தாண்டினா மஞ்சள், 220 தொட்டா சிவப்பு. அந்த கலர் ஃபார்முலாவ போட்டவன் நான்தான். அப்ப எனக்கு 23 வயசு, டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிட்டு மெஷின் பக்கமே போகாம ஏசி ரூம்ல உக்காந்துட்டோம்னு ஒரு பெருமை, எச்.ஆர். சார் வேற "சூப்பர்ப்பா, இத முன்னாடியே பண்ணிருக்கலாம்"னு தோள்ல தட்டினாரு, அன்னைக்கு ராத்திரி ரூம் பசங்களுக்கு பரோட்டா பார்சல் என் செலவு.

ஒரகடம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. பேரு வேண்டாம். பெரிய கார் கம்பெனிங்களுக்கு ஷீட் மெட்டல் பார்ட்ஸ் அடிச்சு அனுப்புற வென்டார். கம்பெனி ரோல்ல, அதாவது பெர்மனென்ட்டா, இருந்தது 95 பேரு. ஆனா தினமும் கேட்டுக்குள்ள வர்றது 340, 350 பேரு. மிச்சம் எல்லாம் சி.எல்.னு சொல்ற கான்ட்ராக்ட் லேபர், டிரெய்னி, அப்ரண்டிஸ்னு வேற வேற பேருல இருக்குற ஆளுங்க. பெர்மனென்ட்டுக்கு நீல சட்டை, சி.எல்.லுக்கு சாம்பல் சட்டை. ஒரே பிரஸ்ல இந்தப் பக்கம் நீலம் தகடு வைக்கும், அந்தப் பக்கம் சாம்பல் எடுக்கும். சம்பளத்துல வித்தியாசம் ஒண்ணுக்கு ரெண்டரைக்கு மேல.

ஏன் 95னா, அந்த 100ங்குற நம்பர்தான் காரணம். 1947ல வந்த தொழில் தகராறு சட்டத்துல 1976ல ஒரு அத்தியாயத்த சேத்தாங்க, அஞ்சு-பினு சொல்லுவாங்க. 300 பேருக்கு மேல இருக்குற ஃபேக்டரில ஆளக் குறைக்கணும், லே ஆஃப்னு வேலை இல்லாம கொஞ்ச நாள் வீட்ல உக்கார வைக்கணும், மூடணும்னா கவர்மென்ட் கிட்ட முன் அனுமதி வாங்கணும்னு. அப்புறம் எண்பதுகள்ல அந்த 300ஐ 100ஆ இறக்கிட்டாங்க. அனுமதி கேட்டா கிடைக்காதுங்குறது எல்லா முதலாளிக்கும் தெரியும், அதனால 100ஐ தொடாம இருக்குறது அப்ப ஒரு கலை. எங்க காம்பவுண்டுக்குள்ளயே ரெண்டு கம்பெனி இருந்துச்சு, ஒண்ணு எம்.டி. பேருல, இன்னொண்ணு அவரு வீட்டம்மா பேருல, நடுவுல ஒரு மஞ்சக் கோடு. ஃபோர்க்லிஃப்ட் அந்தக் கோட்ட ஒரு நாளைக்கு நூறு வாட்டி தாண்டும்.

சரி, 220க்கு வர்றேன். "240 நாள் வேலை பாத்தா பெர்மனென்ட் ஆக்கணும்"னு ஸ்ரீபெரும்புதூர் டீக்கடை எல்லாத்துலயும் பேசுவாங்க. அது பாதிதான் சரி. மத்திய சட்டப்படி ஒரு வருஷத்துல 240 நாள் முடிச்சவன அனுப்பணும்னா ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு குடுக்கணும், அவ்ளோதான். பெர்மனென்ட் ஆக்கச் சொல்றது நம்ம தமிழ்நாட்டு சட்டம், 1981ல வந்தது, 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்தவனுக்கு நிரந்தர அந்தஸ்து குடுக்கணும்னு. 50 பேருக்கு மேல இருக்குற எடத்துக்கு பொருந்தும். நல்ல சட்டம்தான், யோசிச்சு எழுதின சட்டம். ஆனா 240ம் வரக்கூடாது 480ம் வரக்கூடாதுனா 220ல ஒரு பிரேக் போட்டா ரெண்டுக்கும் சேத்து முடிஞ்சுது. ஒரு எழுத்து மாறாம சட்டத்த காப்பாத்திட்டு அது எதுக்காக வந்துச்சோ அதக் காலி பண்றதுக்கு ஒரு டிப்ளமோ பையனும் ஒரு எக்செல் ஃபார்முலாவும் போதும்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சிவப்பு ஆளுங்க லிஸ்ட்ட பிரிண்ட் போட்டு கான்ட்ராக்டரோட சூப்பர்வைசர் கையில குடுப்பேன். சனிக்கிழமை ராத்திரியே கேட் சிஸ்டத்துல அந்த டோக்கன் எல்லாம் பிளாக் ஆயிடும். திங்கக்கிழமை ஏ ஷிஃப்ட்டுக்கு, காலைல அஞ்சே முக்காலுக்கு பஸ்ல வந்து எறங்கி, கார்ட வச்சா சுத்துற கம்பி சுத்தாது. பீப் பீப்னு ரெண்டு வாட்டி கத்தும். முன்னாடியே சூப்பர்வைசர் சொல்லணும், பல நேரம் சொல்ல மாட்டான், சொன்னா சனிக்கிழமை ஓவர்டைம் பாக்காம ஓடிடுவாங்கனு.

அப்படி ஒரு திங்கக்கிழமை செய்யாறு பக்கத்து தம்பி ஒருத்தன் டைம் ஆபீஸ் ஜன்னல்ல வந்து நின்னான். சாப்பாட்டு டப்பா கையில, அதுல அவனே வடிச்ச சோறு இன்னும் சூடா இருந்து மூடில வேர்த்திருந்துச்சு.

"அண்ணா, பஞ்ச் விழ மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்கண்ணா."

"தம்பி, உங்க கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கேளுப்பா."

"கார்டு கோடு விழுந்துருக்கு போலண்ணா, வேற கார்டு குடுங்க, காசு வேணா புடிச்சிக்கோங்க."

கார்டுதான் ரிப்பேர்னு கடைசி வரைக்கும் நம்பினான். நானும் ஆமாம்பா கார்டுதான் போலனு சொல்லி அனுப்பிட்டேன். முப்பது நாப்பது நாள் கழிச்சு அதே தம்பி, அதே சாம்பல் சட்டை, அதே 160 டன் பிரஸ், ஆனா வேற கான்ட்ராக்டர், வேற டோக்கன் நம்பர், எக்செல்ல நாள் எண்ணிக்கை 1. என்னப் பாத்து சிரிச்சான். "புது கார்டு குடுத்துட்டாங்கண்ணா"ன்னான். கிண்டலா சொன்னானா நெசமா சொன்னானானு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

இந்த இடத்துல முதலாளி பக்கமும் கொஞ்சம் பேசியாகணும், இல்லனா நியாயம் இல்ல. எங்க எம்.டி. கெட்ட மனுஷன் கெடையாது, லேத் ஒண்ணு வச்சு ஆரம்பிச்சு மேல வந்தவரு. கார் கம்பெனி செடியூல் வாரத்துக்கு வாரம் மாறும், புதன்கிழமை மெயில் வரும், போன வாரம் 12,000 பீஸ் கேட்டவன் இந்த வாரம் 7,000 போதும்பான். ஸ்டாக் வச்சுக்கவும் முடியாது, அவங்க லைனுக்கு மணிக்கணக்கு பாத்து அனுப்பணும், விலைய வருஷா வருஷம் கொறைக்கச் சொல்லுவாங்க. "ஆர்டர் நிரந்தரம் இல்லப்பா, ஆள மட்டும் எப்படி நிரந்தரமா வைக்கிறது?"னு அவரு கேப்பாரு. அதுக்கு என்கிட்ட பதில் இருந்ததில்ல. மேல இருக்குறவன் தன் ரிஸ்க்க கீழ தள்ளுறான், அவன் அதுக்குக் கீழ தள்ளுறான், கடைசில அது வந்து நிக்கிறது கேட்ல சுத்தாத கம்பி முன்னாடி நிக்கிறவன் தலையில.

பொருளாதாரம் படிச்சவங்க இதத்தான் லேபர் மார்க்கெட் ஃபிளெக்சிபிலிட்டினு அழகா சொல்றாங்க. வாதம் ரொம்ப சிம்பிள். ஆள எடுக்குறது ஈஸி, அனுப்புறது கஷ்டம்னா முதலாளி எடுக்கவே யோசிப்பான், அதனால வேலையில்லாதவங்க ஜாஸ்தியாவாங்க, அதனால அனுப்புறத ஈஸியாக்கு, வேலை தானா பெருகும். கேக்க சரியாத்தான் இருக்கு. இந்தியாவுக்கு இத நம்பர் போட்டு காட்டினது 2004ல பெஸ்லினும் பர்ஜெஸ்னும் லண்டன்ல ரெண்டு பேராசிரியருங்க எழுதின பேப்பர், தொழிலாளிக்கு சாதகமா சட்டத்த மாத்தின மாநிலத்துல எல்லாம் பதிவான ஃபேக்டரில உற்பத்தியும் வேலையும் கொறஞ்சுதுனு. அதுல தமிழ்நாடு எந்த லிஸ்ட்ல இருக்கு தெரியுமா, முதலாளிக்கு சாதகமான மாநிலங்க லிஸ்ட்ல! கேரளாவும் அதே லிஸ்ட்ல. குஜராத் தொழிலாளி பக்கம். ஆதித்ய பட்டாச்சார்ஜியானு டெல்லி பொருளாதாரப் பேராசிரியர் இத எடுத்து நோண்டிப் பாத்தாரு, குஜராத்துல ஒரே ஒரு சின்ன திருத்தத்த வச்சே மொத்த மாநிலத்துக்கும் முத்திரை குத்திருக்காங்கனு சொல்லி அந்த முறையையே கேள்வி கேட்டாரு. அந்தப் பேப்பர் தப்புனு சொல்ல நான் யாரு, ஆனா சட்டப் புத்தகத்த மட்டும் படிச்சு மாநிலத்துக்கு மார்க் போட்டா எங்க டைம் ஆபீஸ் எக்செல் அதுல எப்படிப்பா தெரியும்?

நெசத்துல ஃபிளெக்சிபிலிட்டி வராம நின்னுடல, கேட்டுக்குப் பக்கத்துல இருந்த சின்னக் கதவு வழியா எப்பவோ உள்ள வந்துருச்சு. இந்தியாவுல பதிவான ஃபேக்டரி தொழிலாளிங்கள்ல கான்ட்ராக்ட் ஆளுங்க 2000-01 வாக்குல அஞ்சுல ஒருத்தர், 2022-23 சர்வேல அஞ்சுல ரெண்டு பேருக்கும் மேல. 1970ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல ஒழிப்புங்குற வார்த்தையே இருக்கு, ஆனா 2001ல சுப்ரீம் கோர்ட், அரசு ஸ்டீல் கம்பெனி செயில் சம்பந்தப்பட்ட வழக்குல, கான்ட்ராக்ட் முறைய தடை பண்ணாக்கூட அந்த ஆளுங்கள கம்பெனி தானா பெர்மனென்ட்டா எடுத்துக்கணும்னு இல்லனு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் யாருக்கு என்ன பயம். அஞ்சு-பி பெர்மனென்ட் ஆளுக்கு பேரம் பேசுற பலத்தக் குடுத்துச்சு, அது உண்மை. 2006ல ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடின ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆகட்டும், 2021 செப்டம்பர்ல நிறுத்தப் போறோம்னு சொன்ன மறைமலைநகர் ஃபோர்டு ஆகட்டும், வி.ஆர்.எஸ்.னு விருப்ப ஓய்வு, செட்டில்மென்ட்னு பேசித்தான் முடிக்க வேண்டி இருந்துச்சு. மூடுறத அந்தச் சட்டத்தால தடுக்க முடியல, மூடுறதுக்கு ஒரு விலைய வைக்க முடிஞ்சுது. சாம்பல் சட்டைக்கு அந்த விலையும் கெடையாது.

2019ஐ மறக்க முடியாது. அந்த ஆகஸ்ட்ல நாடு முழுக்க பயணிகள் வாகன விற்பனை முந்தின வருஷத்த விட 31 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. எங்க செடியூல் பாதியாச்சு. நீல சட்டைக்கு லே ஆஃப், சட்டப்படி பாதிச் சம்பளம், வீட்ல உக்காந்து டிவி பாத்தாங்க. சாம்பல் சட்டைல 180 பேர ரெண்டே வாரத்துல அனுப்பினோம். அப்ப 220 எல்லாம் பாக்கல, சிவப்பு மஞ்சள் வெள்ளை எல்லாமே போச்சு. நான் போட்ட கலர் அன்னைக்கு யாருக்கும் தேவப்படல.

இதுக்கப்புறம் தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. இந்த 180 பேரு எங்க போனாங்க? நாட்டோட வேலையின்மை கணக்குல இவங்க தெரிஞ்சாங்களா?

தெரியல. ஏன்னு பாக்க, வேலையின்மைய எண்ண மத்திய அரசு எடுக்குற பி.எல்.எஃப்.எஸ். சர்வே ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி உக்காந்து படிச்சேன், டைம் ஆபீஸ் புத்தி, எண்ணிக்கைய எப்படி எண்ணுறாங்கனு பாக்காம விடாது. 2017-18ல 6.1 சதவீதம்னு சொன்னாங்க, 2023-24ல 3.2. கொறஞ்சிருச்சேனு சந்தோஷப்படலாம். ஆனா அந்த வருஷக் கணக்குல, வருஷத்துல பெரும்பாலான நாள் சும்மா இருந்தாலும் துணைத் தொழிலா ஒரு 30 நாள் ஏதாவது வேலை செஞ்சிருந்தா போதும், வேலையில இருக்கான்னு எண்ணிடுவாங்க. வாரக் கணக்கு தனியா ஒண்ணு இருக்கு, அதுல அந்த வாரத்துல ஏதோ ஒரு நாள் ஒரு மணி நேரம் பாத்திருந்தாலே போதும். சம்பளம் வாங்காம அப்பா நிலத்துல கள எடுத்தாலும் அது வேலைதான், குடும்பத் தொழில்ல உதவினு ஒரு கட்டம் வச்சிருக்காங்க. இதுல சூழ்ச்சி ஒண்ணும் இல்ல, உலகம் முழுக்க கிட்டத்தட்ட இப்படித்தான் எண்ணுறாங்க. ஆனா செய்யாறு தம்பிய எடுத்துக்கோங்க. 220 நாள் நம்மகிட்ட, ஒரு நாப்பது நாள் பிரேக்ல ஊர்ல, அப்புறம் திரும்ப நாள் 1. வருஷக் கணக்குல அவன் வேலையில இருக்கான். பிரேக்ல இருந்த வாரத்துல வந்து கேட்டாலும் வேலையில இருக்கான், ஏன்னா அப்பாவோட மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொல்லையில நிக்கிறான். அவனோட நாப்பது நாள எந்தக் கட்டத்துலயும் போட முடியாது.

நம்ம ஊர்ல வேலையில்லாம இருக்குறதுக்கே ஒரு வசதி வேணும். யாராவது சோறு போடணும். அது இல்லாதவன் மறுநாளே ஏதோ ஒண்ணுல ஏறிடுவான், ரேபிடோவோ, கல்யாண மண்டபத்துல பரிமாறுறதோ, கொத்தனாருக்கு சித்தாளோ. அதனாலதான் படிக்காதவங்கள விட டிகிரி முடிச்சவங்க கிட்ட வேலையின்மை ஜாஸ்தியா தெரியுது. அவங்க காத்திருக்காங்க.

எதுக்குக் காத்திருக்காங்கங்குறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. 2024 ஜூன்ல நடந்த குரூப் 4 பரீட்சைக்கு முதல்ல அறிவிச்சது 6,244 இடம், அப்ளை பண்ணினது சுமார் 20 லட்சம் பேரு. வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர், தட்டச்சர். என் ரூம்ல இருந்த ஒருத்தன், பி.இ. மெக்கானிக்கல், ஒரகடத்துல ரெண்டு வருஷம் டிரெய்னியா இருந்து 11 மாசம் 11 மாசமா லெட்டர் வாங்கி வெறுத்துப் போயி ஊருக்குப் போயிட்டான், அஞ்சு வருஷமா பரீட்சை எழுதுறான், காலைல பஞ்சாயத்து லைப்ரரி, சாயந்திரம் டெஸ்ட் பேட்ச். அவன கேட்டா சம்பளத்த பத்தி பேச மாட்டான். "உள்ள போயிட்டா எவனும் வெளிய போடா சொல்ல முடியாதுடா" இதுதான் அவன் பேச்சு. பொண்ணு பாக்கப் போனா முதல் கேள்வி பெர்மனென்ட்டா, பைக் லோன் காரன் கேக்குறது கம்பெனி ரோலா கான்ட்ராக்டா. அப்போ நல்லா பாருங்க, ஆள அனுப்புறத ஈஸியாக்கினா வேலையின்மை கொறயும்னு சொன்னாங்கல்ல, இங்க தனியார் வேலை எந்த அளவுக்கு ஆட்டம் காணுதோ அந்த அளவுக்கு ஆடாத வேலைக்கான கியூ நீளமாகுது, அந்த கியூவுல நிக்கிறவன் அஞ்சு வருஷம் வேலையில்லாதவன். வளைஞ்சு குடுக்குற மார்க்கெட்டே ஒரு வேலையின்மைய உண்டாக்குது. இத எந்தப் பேப்பர்லயும் படிச்சு சொல்லல, ரூம் மேட்ட பாத்து சொல்றேன், தப்பா இருந்தா கமென்ட்ல திட்டுங்க.

வெளிநாட்டுல என்ன ஆச்சுனு பாத்தா ஸ்பெயின் கதை அப்படியே எங்க நீல சட்டை சாம்பல் சட்டை கதை. 1984ல வேலையின்மை எக்கச்சக்கம், பழைய ஆளுங்களோட பாதுகாப்புல கை வைக்க தைரியம் இல்ல, அதனால புதுசா வர்றவங்கள மட்டும் டெம்பரரில எடுத்துக்கலாம்னு கதவத் தொறந்தாங்க. தொண்ணூறுகள் ஆரம்பத்துலயே மூணுல ஒருத்தர் டெம்பரரி. நல்ல காலத்துல வேலை மளமளனு ஏறுச்சு, பாத்தியா ஃபிளெக்சிபிலிட்டி வேலை செய்யுதுன்னாங்க. 2008ல கட்டடத் தொழில் படுத்துச்சு, அந்த டெம்பரரி ஆளுங்க மொதல்ல போனாங்க, 2007ல 8 சதவீதத்த ஒட்டி இருந்த வேலையின்மை 2013ல 26ஐ தாண்டிருச்சு. ஏறினது எவ்ளோ வேகமோ எறங்கினதும் அதே வேகம். 2021 கடைசில தான் டெம்பரரி கான்ட்ராக்ட்ட இறுக்கி ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க.

அதே சமயத்துல ஜெர்மனி. 2009ல அவங்க பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல சுருங்கிச்சு, ஸ்பெயின விட மோசம். ஆனா வேலையின்மை அசையவே இல்லனு சொல்லலாம். குர்ட்ஸ்ஆர்பைட்னு ஒண்ணு, ஆள அனுப்பாத, எல்லாருக்கும் மணி நேரத்தக் கொறை, கொறஞ்ச சம்பளத்துல பெரிய பங்க கவர்மென்ட் வேலையின்மை நிதி குடுக்கும். உச்சத்துல சுமார் 15 லட்சம் பேரு அதுல இருந்தாங்க. இதுவும் ஃபிளெக்சிபிலிட்டி தான் சார்! நாங்க ஆள வெட்டினோம், அவங்க மணிய வெட்டினாங்க. ஆர்டர் திரும்பினப்ப அவங்ககிட்ட மெஷின் தெரிஞ்ச ஆளு அங்கயே நின்னான். டென்மார்க்ல இன்னொரு மாதிரி, அனுப்புறது ரொம்ப ஈஸி, ஆனா அனுப்பினவனுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் காசு வரும், கம்மி சம்பளக்காரனுக்கு பழைய சம்பளத்துல 90 சதவீதம் வரைக்கும், கூடவே புது தொழில் கத்துக் குடுத்து அடுத்த வேலைல ஏத்திவிடுவாங்க. 1994ல பாதுகாப்பு சட்டத்த எல்லாம் தளர்த்துங்கனு எல்லா நாட்டுக்கும் புத்தி சொன்ன ஓ.இ.சி.டி.ங்குற பணக்கார நாடுங்களோட அமைப்பே பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு, மொத்த வேலையின்மைய இந்த சட்டங்க பெருசா ஏத்துறதும் இல்ல எறக்குறதும் இல்ல, யாரு வேலையில்லாம நிக்கிறாங்க எவ்ளோ நாள் நிக்கிறாங்கங்குறதத்தான் மாத்துதுங்குற மாதிரி பேச ஆரம்பிச்சிருச்சு.

மெஷின் தெரிஞ்ச ஆளுனு சொன்னேன்ல, அத பத்தி ஒண்ணு. எங்க குவாலிட்டி இன்சார்ஜ் ஒருத்தர் இருந்தாரு, கரூர்காரரு, வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை, ஆனா கை வச்சு தடவியே தகட்டு ஓரத்துல பிசிறு, அதான் பர், இருக்கானு சொல்லிடுவாரு. பெரிய பிரேக் பேட்ச் போன ஒவ்வொரு வாட்டியும் அடுத்த ரெண்டு வாரம் ரிஜெக்ஷன் ஏறும். புதுப் பையனுக்கு, தகட்ட சரியான எடத்துல புடிச்சு வைக்கிற பைலட் பின்னுல தகடு சரியா உக்காந்துச்சானு சத்தத்துல தெரியாது, பழையவனுக்குத் தெரியும், டக்குனு ஒரு சத்தம் வரணும். வராம அடிச்சா ஓட்டை அர மில்லி நகந்துரும், அங்க கார் கம்பெனி லைன்ல போல்ட் ஏறாது, உடனே நம்ம ஆளுங்க நாலு பேரு அவங்க பிளான்ட்டுக்கு ஓடி ஒவ்வொரு பீஸா பாத்து பிரிக்கணும். அவரு நேரா என் ஜன்னலுக்கு வந்து கத்துவாரு, "உன் சிவப்புக்கு நான் செலவு கணக்கு போட்டுத் தரட்டாடா?"னு. கணக்கு போட்டா பிரேக் போட்டு மிச்சம் புடிக்கிறதுல பாதி அங்கயே போயிருக்கும்னு நெனக்கிறேன். ஆனா அது வேற டிபார்ட்மென்ட் செலவு, எச்.ஆர். ரிப்போர்ட்ல வராது.

நம்ம பக்கம் சட்டமும் நகந்துட்டே தான் இருக்கு. 2023 ஏப்ரல் 21ல சட்டசபைல ஃபேக்டரில 12 மணி நேரம் வரைக்கும் வேலைய மாத்தி அமைச்சுக்கலாம்னு ஒரு மசோதா நிறைவேறுச்சு, கூட்டணிக் கட்சிங்களே எழுந்து போனாங்க, மூணு நாள்ல நிறுத்தி வச்சு, மே தினத்தன்னைக்கு வாபஸ்னு சொன்னாங்க. எனக்கு அந்தச் சண்டை கொஞ்சம் சிரிப்பாத்தான் இருந்துச்சு, எங்க சி.எல். பசங்க ஏ ஷிஃப்ட்டும் பி ஷிஃப்ட்ல பாதியும் சேத்து 12 மணி நேரம் எப்பவோ பாத்துட்டு இருந்தாங்க. மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டத்த சுருக்கி 4 தொகுப்பாக்கினது 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்துச்சு. அதுல அந்த பழைய 100 திரும்ப 300 ஆயிருச்சு. எங்க எம்.டி. இனிமே மஞ்சக் கோட்ட அழிச்சிரலாம். ஒரு நல்ல விஷயமும் இருக்கு, ஃபிக்ஸட் டெர்ம்னு இத்தன நாளைக்குனு சொல்லி கம்பெனியே நேரடியா எடுக்குற ஆளுக்கு ஒரு வருஷம் முடிஞ்சாலே கிராஜுவிட்டி, பெர்மனென்ட்டுக்கு உள்ள மத்த சலுகைங்களும். நடுவுல கான்ட்ராக்டர் இல்லனா அதுவே பெரிய நிம்மதி. ஆனா அந்த டெர்ம எத்தன வாட்டி புதுப்பிக்கலாம்னு ஒரு மேல் வரம்பு போடல. 220க்கு பதிலா இனி எந்த நம்பர் சிவப்பாகும்னு எங்கயோ ஒரு டைம் ஆபீஸ்ல ஒரு பையன் இப்ப ஃபார்முலா எழுதிட்டு இருப்பான்.

நான் 2019 கடைசில வெளிய வந்துட்டேன், இப்ப ஒரு ஆடிட்டர்கிட்ட பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலை பாக்குறேன். லாக்டவுன் சமயம், 2020 மே மாசம், செய்யாறு தம்பி ஃபோன் பண்ணான், நம்பர் எப்படி கெடச்சுதுனு தெரியல.

"அண்ணா, இ.எஸ்.ஐ.ல வேலை போனவங்களுக்கு காசு தர்றாங்களாமே, வாட்ஸப்ல வந்துச்சு, நெசமா?"

நெசம்தான். அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனானு வாய்ல நுழையாத பேருல 2018ல ஆரம்பிச்ச திட்டம், வேலை போனா மூணு மாசம் வரைக்கும் சம்பளத்துல கால்வாசினு இருந்தத அந்தக் கொரோனா காலத்துல பாதியாக்கினாங்க. எனக்கே சந்தோஷமாயிருச்சு, இன்சூரன்ஸ் நம்பர் அனுப்புப்பா நானே போட்டுத் தர்றேன்னேன். மொதல்ல ஒரு நம்பர் அனுப்பினான். அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொண்ணு. அப்புறம் ஒரு பழைய கார்ட ஃபோட்டோ புடிச்சு மூணாவது. ஒவ்வொரு பிரேக்குக்கு அப்புறமும் புது கான்ட்ராக்டர் அவன புது ஆளா பதிஞ்சிருக்கான். திட்டத்துக்கு ரெண்டு வருஷமாவது இன்சூரன்ஸ்ல இருந்திருக்கணும். மூணு நம்பர்லயும் தனித்தனியா பாத்தா எதுலயும் ரெண்டு வருஷம் வரல.

மூணையும் ஒண்ணா சேக்க பிராஞ்ச் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும், பழைய கான்ட்ராக்டருங்க கிட்ட லெட்டர் வாங்கணும், ஒருத்தன் ஃபோனே எடுக்கல, ஒருத்தன் ஆபீஸ் இருந்த எடத்துல இப்ப மொபைல் கடை. ரெண்டு வாரம் அலைஞ்சேன், லாக்டவுன்ல பாஸ் போட்டு வாலாஜாபாத் வரைக்கும் ஒரு வாட்டி போயிட்டும் வந்தேன். அவனுக்கு ஃபோன் பண்ணி, இன்னும் ஒரு மாசம் ஆகும் போலப்பா, விட்றாத, சேத்துரலாம்னேன்.

"இருக்கட்டும்ணா, நீங்க ஏன் அலையிறீங்க"ன்னான். பின்னாடி பொம்பளைங்க பேச்சு சத்தமும் எதையோ உதர்ற சத்தமும் கேட்டுச்சு. "இங்க மல்லாட்டை புடுங்குறாங்க, ஆளு பத்தலனு அப்பா கூப்புடுறாரு, சாயந்திரம் பேசறண்ணா."

சாயந்திரம் பேசல.